2019 போர்ஷே 718 கேமன்: டிரேட்-இன்னில் எவ்வளவு கேட்கலாம்?

#1 · ஜூரோங்வாசி · 12 அக்டோபர் 2025

காரைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று இரண்டு இடத்தில் விலை கேட்டேன். புதுக்கார் ஷோரூமில் டிரேட்-இன் (பழைய காரை எடுத்துக்கொண்டு புதுக்கார் விலையில் கழிக்கும் தொகை) 148,000 சிங்கப்பூர் வெள்ளி என்றார்கள். உபி வட்டாரத்தில் ஒரு பழைய கார் கடைக்காரர் 127,000க்கு மேல் ஏற முடியாது என்கிறார். ஒரே கார், ஒரே வாரம், 21,000 வெள்ளி வித்தியாசம். மறுபடி பேசப் போவதற்கு முன் நானே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

விவரம்: 718 கேமன், 1988 சிசி டர்போ, பிடிகே (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர். 2019 ஜூனில் பதிவு, முதல் உரிமையாளர், 41,000 கிலோமீட்டர். ஓஎம்வி (இறக்குமதியில் காருக்குக் கணிக்கும் அடிப்படை மதிப்பு) 76,400. கட்டிய ஏஆர்எஃப் (ஓஎம்வியை வைத்துப் போடும் கூடுதல் பதிவுக் கட்டணம்) 109,520. சிஓஇ (ஏலத்தில் எடுக்கும் 10 ஆண்டு கார் உரிமைச் சான்று) பி பிரிவு, அதாவது பெரிய கார்களுக்கானது, 40,800 (எண்களைச் சற்றுச் சுற்றிப் போட்டிருக்கிறேன்). ஸ்போர்ட் குரோனோவும் (வேக ஓட்டத்துக்கான கூடுதல் வசதி) கம்பெனி ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட்டும் உண்டு. சர்வீஸ் எல்லாம் ஏஜென்ட்டிடம்தான். கடனில் மாதம் 1,679 வெள்ளி வீதம் 8 தவணை பாக்கி.

#2 · உபி_கணக்கர்

அடிமட்ட விலையிலிருந்து தொடங்குங்கள். அதில் பேரமே கிடையாது, யார் போட்டாலும் ஒரே விடை வரும்.

கடைக்காரர்கள் பேப்பர் வேல்யூ என்று சொல்வது இரண்டு தொகைகளின் கூட்டு. காரை இன்றே பதிவிலிருந்து நீக்கினால் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஏஆர்எஃபிலிருந்து திருப்பித் தரும் பார்ஃப் தொகை ஒன்று. பாக்கி சிஓஇ மாதங்களுக்கான தொகை மற்றொன்று.

பார்ஃப், உங்கள் காருக்குப் பொருந்தும் விதிப்படி: கார் 5 வயதுக்குள் என்றால் கட்டிய ஏஆர்எஃபில் 75 விழுக்காடு. அதன்பின் வயது ஏற ஏற ஐந்தைந்தாக இறங்கும்: 6க்குள் 70, 7க்குள் 65, 8க்குள் 60, 9க்குள் 55, 10க்குள் 50. பத்தைத் தாண்டினால் ஒன்றுமில்லை.

உங்கள் ஏஆர்எஃபைச் சரிபார்த்தேன். 2019 விதிப்படி ஓஎம்வியின் முதல் 20,000க்கு 100 விழுக்காடு, அடுத்த 30,000க்கு 140, மீதிக்கு 180. 20,000 + 42,000 + 47,520 = 109,520. சரியாக இருக்கிறது. காருக்கு இப்போது 6 வயது 4 மாதம், அதனால் 65 விழுக்காடு: 71,188 வெள்ளி.

சிஓஇ: 40,800ஐ 120 மாதத்தால் வகுத்தால் மாதம் 340. பாக்கி 44 மாதம். 14,960 வெள்ளி.

கூட்டினால் 86,148. இதற்கு மேல் வெறும் வண்டிக்கு ஏற்றுமதிக்காரர் தரும் பாடி விலை. யாராவது இந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். எல்டிஏ-வின் ஒன்மோட்டாரிங் தளத்தில் சிங்பாஸ் (அரசு மின் அடையாளம்) வழியாக நுழைந்து, பதிவு நீக்கும் தேதியைப் போட்டால் இதே எண் வரும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவின்போது விஇஎஸ் (புகை மாசு அளவுக்கேற்ற) கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால் அது ஏஆர்எஃபில் சேராது, திரும்பியும் வராது. பலர் அதையும் சேர்த்து 75 விழுக்காடு போட்டு ஏமாந்துபோகிறார்கள்.

#3 · வேகத்தடை

அண்ணே, எப்படியும் 2026 ஜூனுக்கு முன்னாடி கொடுத்துடுங்க. 7 வயசு தாண்டினா 65 விழுக்காடு 60 ஆயிடும். ஒரே ராத்திரியில 5,476 வெள்ளி போயிடும்.

#4 · காக்கிபுக்கிட்டான்

தம்பி, அந்தப் படி எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி வலிக்காது. யார் கைக்குப் போகிறது என்று பார்க்கணும்.

காரை வாங்குகிற கடைக்காரர் அதைப் பதிவிலிருந்து எடுக்கப்போவதில்லை, இன்னொருவருக்கு விற்கப்போகிறார். அந்த இன்னொருவர் 10 வயது வரை ஓட்டினால் கடைசியில் கைக்கு வருவது 50 விழுக்காடு, அதாவது 54,760. 65ஓ 60ஓ அவருக்குப் பொருட்டே இல்லை. விளம்பரங்களில் போடுகிற ஆண்டுத் தேய்மானமும் இந்தக் கடைசித் தொகையைக் கழித்துத்தான் போடப்படுகிறது.

சந்தை விலை பேப்பர் வேல்யூவை ஒட்டியே நிற்கிற வண்டிகளில்தான் வயது ஏறும் பிறந்தநாள் முழுசாக வலிக்கும். பெரிய இன்ஜின், பெரிய ஓஎம்வி, சாலை வரி கனம், வாங்க ஆள் குறைவு: அப்படிப்பட்ட வண்டிக்குக் கடைக்காரரின் கடைசி வழி ஏற்றுமதிதான். அங்கே 5 விழுக்காடு குறைந்தால் அவர் விலையும் அதே அளவு குறையும். 718 இரண்டு லிட்டர் அந்த வகை இல்லை. 1988 சிசிக்குச் சாலை வரி ஆண்டுக்கு 1,198 வெள்ளி. 2497 சிசி எஸ் மாடல் என்றால் 1,795. நாலு லிட்டர் ஜிடிஎஸ் மாடல் என்றால் 3,941. இரண்டு லிட்டருக்கு வாங்குகிறவர் கூட்டம் பெரிது.

ஆனாலும் தம்பி சொன்ன தேதியை மறக்க வேண்டாம். பேரத்தில் கடைக்காரர் அதை நிச்சயம் எடுத்து நீட்டுவார்.

#5 · உபி_கணக்கர்

#4 சொன்னது சரி. அப்படியானால் சந்தை விலைக்கு வருவோம்.

விளம்பர விலைகளை அப்படியே ஒப்பிடாதீர்கள். ஒன்று 2018 கார், இன்னொன்று 2020. ஒன்றின் ஏஆர்எஃப் 100,000, இன்னொன்றின் ஏஆர்எஃப் 120,000. தேய்மானமாக மாற்றினால்தான் எல்லாம் ஒரே தராசில் நிற்கும்.

(விலை − 10 வயதில் வரும் பார்ஃப்) ÷ பாக்கி ஆண்டுகள்.

உங்களுக்கு வந்த இரண்டு விலையையும் இதில் போடுகிறேன். 44 மாதம் என்றால் 3.667 ஆண்டு.

148,000: 93,240 ÷ 3.667 = ஆண்டுக்கு 25,400.
127,000: 72,240 ÷ 3.667 = ஆண்டுக்கு 19,700.

இப்போது விளம்பரத்தில் இருக்கும் 718 இரண்டு லிட்டர்களில் பதிவு ஆண்டு முன்பின் ஒன்றுக்குள் இருப்பவற்றை எடுங்கள். குறைந்தது ஐந்து கார்களாவது வேண்டும். மிக மலிவானதையும் மிக விலை கூடியதையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பாருங்கள். இரண்டு மாதமாக அசையாமல் கிடக்கும் விளம்பரத்தை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் அதற்குப் பொருள். உதாரணத்துக்கு நடுவில் 28,000 நிற்கிறது என்று வைப்போம்:

28,000 × 3.667 = 102,667. அதோடு 54,760. விளம்பர விலை 157,400.

பேப்பர் வேல்யூவுக்கும் இதற்கும் இடையே 71,000 வெள்ளி. இது எங்கிருந்து வருகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. ஒரு பகுதி சிஓஇ. நீங்கள் 40,800க்கு எடுத்தீர்கள், எல்டிஏ அந்த விலையில்தான் திருப்பித் தரும். ஆனால் இன்று பி பிரிவு 120,000 என்று வைத்தால் ஒரு மாதம் 1,000 வெள்ளி. உங்கள் 44 மாதத்தின் இன்றைய மதிப்பு 44,000. எல்டிஏ தருவதோ 14,960. நடுவில் உள்ள 29,040 முழுக்கச் சிஓஇ ஏறியதால் வந்தது. மீதி 42,000தான் கேமனுக்காக ஒருவர் தரும் விலை.

அதனால் ஏலத்தில் சிஓஇ 20,000 சரிந்தால் உங்கள் மதிப்பில் ஏறத்தாழ 7,300 போகும் (20,000ஐ 120ஆல் வகுத்து 44ஆல் பெருக்குங்கள்). ஏலம் மாதம் இரண்டு முறை நடக்கிறது. கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

#6 · ஜூரோங்வாசி

நன்றி. இது வாங்குகிறவர் தரும் விலை. கடைக்காரர் எனக்குத் தரும் விலைக்கு எப்படி இறங்குவது? அவர் எவ்வளவு எடுப்பது நியாயம்?

#7 · காக்கிபுக்கிட்டான்

அவர் இடத்தில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

157,400 விளம்பரம். கையெழுத்தாகும்போது 153,000 ஆகியிருக்கும். பாலிஷ், உள்ளே சுத்தம், அலாய் சக்கரத்தின் உரசல், ஒன்றிரண்டு பேனல் பெயின்ட், ஒரு சர்வீஸ்: 3,500.

கிடப்புச் செலவுதான் பெரிசு. ஸ்போர்ட்ஸ் காருக்கு வாடிக்கையாளர் வாரா வாரம் வரமாட்டார். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, குடும்பத்துக்கு இரண்டாவது வண்டி. இன்னொன்று, ஓஎம்வி 20,000க்கு மேல் இருப்பதால் வாங்குகிறவர் விலையில் 60 விழுக்காடுதான் கடன் வாங்க முடியும். 153,000 காருக்கு 61,200 கையில் வேண்டும். மீதியை 44 மாதத்துக்குள் கட்ட வேண்டும், சிஓஇ முடிவதைத் தாண்டித் தவணை போகாது. மாதத் தவணை கனக்கும். ஆள் வடிகட்டப்படுகிறது. இரண்டு மாதம் நிற்கும் என்று அவர் வைத்துக்கொள்வார். தேய்மானம் மாதம் 2,333. அவர் போட்ட 140,000க்கு வட்டி 5 விழுக்காடு என்றால் மாதம் 583. இரண்டு மாதத்துக்கு 5,832.

லாபம் 10,000. இந்த வகை வண்டிக்கு இதை நான் அதிகம் என்று சொல்லமாட்டேன். குடும்பக் கார் என்றால் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

153,000 − 3,500 − 5,832 − 10,000 = 133,668.

ஆக உங்கள் காருக்கு நியாயமான கடை விலை 132,000 முதல் 136,000 வரை. 127,000 என்பது முதல் கேள்வி விலை; அவர் ஏறுவார். 148,000 என்று சொன்ன ஷோரூம் பழைய காரில் நஷ்டப்படத் தயாராக இருக்கிறதா? அங்கேதான் சந்தேகம்.

#8 · தெம்பனிஸ்_மலர்

ஷோரூம் விலை பற்றி. இதை ஓவர்டிரேட் என்பார்கள். பழைய காருக்கு 14,000 கூட்டிக் காட்டி, புதுக்காரில் தர வேண்டிய கழிவை அதே அளவு நிறுத்திக்கொள்வது. ஏமாற்று என்று சொல்ல முடியாது, எண்ணை இடம் மாற்றி வைப்பதுதான். ஆனால் பார்ப்பவருக்குப் பழைய காரின் மதிப்பு தவறாகத் தெரியும்.

கேட்க வேண்டிய முறை: முதல் சந்திப்பில் டிரேட்-இன் பேச்சையே எடுக்காமல் புதுக்காரின் கடைசி விலையை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த நாள் பழைய காரைச் சொல்லுங்கள். புது விலை மாறுகிறதா பாருங்கள். ஒப்பிட வேண்டியது ஒரே எண்: நீங்கள் கையிலிருந்து கூடுதலாகத் தர வேண்டிய தொகை. டிரேட்-இன் எவ்வளவு என்று அவர்கள் எழுதுவது அவர்கள் வசதிக்கு.

அதைவிட முக்கியமானது காலம். புதுக்காருக்குச் சிஓஇ உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தம் என்றால் வழக்கமாக ஆறு ஏலம் வரை போவார்கள், அது மூன்று மாதம். அதற்குப் பிறகு கார் பதிவாகிக் கையில் வர இன்னும் சில வாரம். இன்று சொன்ன 148,000 அன்றைக்கும் நிற்குமா? பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிற்காது. "ஒப்படைக்கும் நாளில் மறுமதிப்பீடு" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் வரை இதே விலை என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் பழைய காரைத் தனியாக விற்பதே மேல்.

#9 · பச்சைவிளக்கு

இடையில் ஒரு கேள்வி. 2024ல் பதிவான 718க்கும் இதே கணக்குதானா? ஓஎம்வி ஏறத்தாழ அதேதான்.

#10 · உபி_கணக்கர்

இல்லை, முழுக்க வேறு. 2023 பிப்ரவரி இரண்டாவது ஏலத்திலிருந்து 2025 வரை கிடைத்த சிஓஇ-யில் பதிவான கார்களுக்குப் பார்ஃப் அதிகபட்சம் 60,000 வெள்ளி. ஏஆர்எஃபும் ஏறிவிட்டது: முதல் 20,000க்கு 100, அடுத்த மூன்று 20,000களுக்கு 140, 190, 250, அதற்கு மேல் 320 விழுக்காடு.

அதே 76,400 ஓஎம்விக்குப் போட்டால்: 20,000 + 28,000 + 38,000 + 41,000 = 127,000 ஏஆர்எஃப். 75 விழுக்காடு 95,250 வர வேண்டியது, உச்சவரம்பு 60,000இல் நின்றுவிடும். 10 வயதில் 50 விழுக்காடு 63,500, அதுவும் 60,000இல்தான் நிற்கும். ஆக முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பார்ஃப் ஒரே தொகை. #3இல் சொன்ன பிறந்தநாள் இழப்பு உங்கள் காருக்கு இல்லவே இல்லை. மாதா மாதம் இறங்குவது சிஓஇ மட்டும்.

ஏஆர்எஃப் 80,000க்குள் இருந்தால் வரம்பு தொடாது, பழைய மாதிரி படிப்படியாக இறங்கும். 120,000க்கு மேல் என்றால் நான் சொன்னபடி தட்டையாக நிற்கும். இடையில் இருந்தால் முதலில் தட்டை, பிறகு படி. 2022 பிப்ரவரி முதல் 2023 பிப்ரவரி வரை இடைப்பட்ட ஓராண்டில் பதிவானவற்றுக்கு மேல்தட்டு 220 விழுக்காடு, வரம்பு கிடையாது.

இதனால் ஜூரோங்வாசி காருக்கு ஒரு லாபம் உண்டு. 2023 விதியில் 67,000 வெள்ளி ஏஆர்எஃப் திரும்பாமலே போகிறது, பழைய விதியில் 10 வயதில் போவது 54,760. புதிதாக எடுப்பது அந்த அளவுக்குக் கூடுதல் செலவு என்பதால் பழைய விதிக் கார்கள் விலை நிற்கின்றன.

#11 · சின்மிங்_ஸ்பானர்

எண்களை நன்றாகப் போட்டுவிட்டீர்கள். காரைப் பார்க்கும்போது எங்கே கழிப்பார்கள் என்பதைச் சொல்கிறேன். முன்கூட்டியே தெரிந்தால் பாதிக் கழிவைத் தடுக்கலாம்.

பெயின்ட்: கனமானியை வைத்துப் பார்ப்பார்கள். கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200க்கு மேல் போனால் மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். இந்தக் காரில் கதவும் முன், பின் மூடிகளும் அலுமினியம், இரும்பை மட்டும் காட்டும் மலிவு மானி அங்கே வேலை செய்யாது. அதைவிட முக்கியம், பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் தெளிவான படலம்) ஒட்டியிருந்தால் அதுவே 150, 200 மைக்ரான் கூட்டிக் காட்டும். ஒட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் நல்ல வண்டியை விபத்து வண்டி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் குறைப்பார்கள்.

முன் பம்பரின் இரண்டு ஓரக் காற்றுத் துளைகள்: உள்ளே ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் இருக்கின்றன. காய்ந்த இலையும் தூசியும் அங்கே தங்கி, ஈரம் பிடித்து, மூலையிலிருந்து அரிக்கும். டார்ச் அடித்தால் தெரியும். பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் வேலை. கண்டென்சர் ஓட்டையானால் ஏசி பில் நான்கு இலக்கத்துக்குப் போகும். பல கடைக்காரர்கள் இதைப் பார்ப்பதில்லை, தெரிந்தவர் கட்டாயம் பார்ப்பார்.

கூலன்ட்: வண்டியை நிறுத்தியதும் இனிப்பு வாடை வருகிறதா, தொட்டியில் அளவு குறைகிறதா. இந்த 718 நாலு சிலிண்டர்களில் வாட்டர் பம்ப் கசிவு அறியப்பட்ட குறை. மாற்றியிருந்தால் ரசீது உங்களுக்கு ஆயுதம்.

டயர்: பக்கவாட்டில் என்0, என்1 என்று போர்ஷே அங்கீகாரக் குறி இருக்கணும், நாலும் ஒரே குறியாக இருக்கணும். நாலு இலக்கத் தேதி எண்ணில் 3221 என்றால் 2021ஆம் ஆண்டு 32ஆம் வாரம். பின் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். சக்கரம் சாய்வாக நிற்பதால் உள்ளே முதலில் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும்.

பிரேக் டிஸ்க்: குறைந்தபட்ச கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்து பார்க்க ஐந்து நிமிடம். விளிம்பில் வரப்பு மாதிரி எழும்பியிருந்தால் அடுத்த பேட் மாற்றும்போது டிஸ்க்கும் சேர்ந்து போகும்.

ஓட்டம்: இன்ஜின் கணினியில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று இருக்கும். கிலோமீட்டரை மணியால் வகுத்தால் சராசரி வேகம். சிங்கப்பூர் ஓட்டத்துக்கு மணிக்கு 25 முதல் 40 வரை வந்தால் இயல்பு. 41,000க்கு 1,400 மணி போல இருந்தால் மீட்டரில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டிவிடலாம். அதே அறிக்கையில் இன்ஜின் எல்லை மீறிச் சுழன்ற பதிவுகள் ஆறு படியாக வரும். மேனுவல் கியர் கார்களில் இதுதான் உயிர்நாடி. பிடிகேயில் கியரைத் தவறாகப் போட்டு இன்ஜினைக் கிழிக்க வழியில்லை, அதனால் ஒரு பார்வை போதும்.

ஏஜென்ட் சர்வீஸ் வரலாறு இருப்பது பெரிய பலம். போர்ஷே அப்ரூவ்டு வாரண்டிக்கு 111 அம்சச் சோதனை உண்டு, 15 வயது வரை நீட்டிக்கலாம். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிற காரும் ஓடாத காரும் ஒரே விலைக்குப் போகாது. ஆனால் ரீமேப் செய்த (இன்ஜின் கணினி நிரலை மாற்றிய) காருக்கு இந்தக் கதவு மூடிவிடும்.

#12 · வேகத்தடை

கம்பெனி ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட்டுக்கு எவ்வளவு கூடும்? புதுசா எடுக்கும்போது ஆயிரக்கணக்குல குடுத்திருப்பாரே.

#13 · சின்மிங்_ஸ்பானர்

கொடுத்த பணம் திரும்பாது. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஆப்ஷன் விலையில் நாலில் ஒரு பங்கு வந்தால் நல்லது. ஆனால் கார் சீக்கிரம் போகும், அங்கேதான் லாபம். ஸ்போர்ட் குரோனோ, கம்பெனி எக்ஸாஸ்ட், பாஸ்ம் (தானே இறுக்கம் மாற்றிக்கொள்ளும்) சஸ்பென்ஷன் மூன்றும் இருந்தால் இந்தக் காரைத் தேடுகிறவர் முதல் அழைப்பை உங்களுக்குத்தான் போடுவார்.

வெளியில் வாங்கிப் போட்ட எக்ஸாஸ்ட் நேர் எதிர். எல்டிஏ அங்கீகாரச் சான்று இல்லையென்றால் சோதனையில் நிற்காது, கடைக்காரர் பழையதை மாட்டச் சொல்வார். பழைய எக்ஸாஸ்ட்டை வீசிவிட்டவர்கள் அதை மறுபடி வாங்கக் கொடுக்கிற விலை மனசைக் கசக்கும். கழற்றிய ஒரிஜினல் உறுப்பு எதையும் விற்காதீர்கள். நிறம் மாற்றும் ஒட்டுப்படலம் ஒட்டியிருந்தால் அந்த நிறம் எல்டிஏ பதிவில் ஏறியிருக்கணும், இல்லையென்றால் விற்குமுன் உரித்துவிடுங்கள்.

#14 · எண்பத்தாறு

பார்ஃப் இல்லாத வண்டிக்கு? டொயோட்டா 86, 2013 ஏப்ரல் பதிவு, 2023இல் 10 ஆண்டுக்குச் சிஓஇ புதுப்பித்தது. பிகியூபி (புதுப்பிக்கக் கட்டிய சராசரி சிஓஇ விலை) 108,000.

#15 · உபி_கணக்கர்

புதுப்பித்த அன்றே பார்ஃப் போய்விட்டது. அடிமட்டம் என்பது சிஓஇ மட்டும்: மாதம் 900, பாக்கி 90 மாதம், 81,000. ஏஆர்எஃப், ஓஎம்வி எதையும் பார்க்க வேண்டாம். தேய்மானம் போடும்போது கழிப்பதற்கு ஒன்றுமில்லை, கேட்கும் விலையை ஏழரை ஆண்டால் வகுத்துவிடலாம்.

வாங்குகிறவர் பார்ப்பது சாலை வரிக் கூடுதல். 10 வயது தாண்டினால் 10 விழுக்காடு, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி 50இல் நிற்கும். உங்கள் காருக்கு இப்போது 30 விழுக்காடு: 1,210க்குப் பதில் 1,573 வெள்ளி. சோதனையும் ஆண்டுதோறும். ஆனால் மேனுவல் கியர் 86 என்றால் இதையெல்லாம் மீறி வாங்க ஆள் இருக்கிறார்கள், அவசரப்பட்டு முதல் விலைக்குக் கொடுக்காதீர்கள்.

5 ஆண்டுக்குப் புதுப்பித்த வண்டி என்றால் கணக்கு கடுமை. அதை மறுபடி புதுப்பிக்க முடியாது, முடிவில் பாடி விலை மட்டும்.

#16 · ஜூரோங்வாசி

கடனை முன்கூட்டியே அடைத்தால் வட்டி மிச்சமாகுமா? அப்படியென்றால் விற்குமுன் அடைத்துவிடுகிறேன்.

#17 · தெம்பனிஸ்_மலர்

உங்கள் கட்டத்தில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. நம் ஊர் கார் கடன்களில் வட்டியைப் பிரிப்பது 78 விதிப்படி. முதல் ஆண்டுகளிலேயே பெரும் பங்கை எடுத்துவிடுவார்கள்.

மாதம் 1,679 என்றால் 120,000 கடன், 2.5 விழுக்காடு, 84 மாதம் போலத் தெரிகிறது. மொத்த வட்டி 21,000. 8 தவணை பாக்கி இருக்கும்போது திரும்பும் வட்டி: 8 × 9ஐ 84 × 85ஆல் வகுத்து 21,000ஆல் பெருக்கினால் 212 வெள்ளி. அதிலும் 20 விழுக்காட்டை நிறுவனம் பிடித்துக்கொள்வது வழக்கம். கைக்கு 169. நீங்கள் 8 × 1,679 = 13,432இலிருந்து அதைக் கழித்து 13,263 கட்ட வேண்டியிருக்கும்.

நிதி நிறுவனத்திடம் முழுத் தீர்வுக் கடிதம் கேளுங்கள், தேதி போட்டுத் தருவார்கள். கடைக்காரருக்கு விற்றால் அவரே அடைத்துவிட்டு மீதியை உங்களிடம் தருவார். நேரடியாகத் தனி ஆளுக்கு விற்றால் வாங்குகிறவர் பணம் முதலில் கடனுக்குப் போக வேண்டும், பெயர் மாற்றம் அதற்குப் பிறகுதான். பலர் இந்த இடத்தில்தான் பயந்து பின்வாங்குகிறார்கள். அதனால் நேரடி விற்பனை என்றால், வட்டி மிச்சமாகாவிட்டாலும், முன்பே அடைத்துவிடுவது நல்லது.

#18 · காக்கிபுக்கிட்டான்

நேரடி விற்பனை என்றால் 148,000, 150,000 வரை எதிர்பார்க்கலாம். கடைக்கும் அதற்கும் 14,000 போல வித்தியாசம். அதற்குக் கொடுக்கும் விலை: விளம்பரம், சோதனை ஓட்டத்துக்கு வருகிறவர்கள், 40 விழுக்காடு கையில் இல்லாமல் வந்து பேசுகிறவர்கள், மாதம் 2,333 தேய்மானம். ஒன்றரை மாதத்துக்குள் போனால் லாபம் தெளிவு. நாலு மாதம் இழுத்தால் தேய்மானத்திலேயே 9,300 போய்விடும்.

என் கருத்து: டிசம்பர் முதல் வாரம் வரை நேரடியாக முயலுங்கள். ஆள் வரவில்லையென்றால் மூன்று கடையில் ஒரே நாளில் காட்டி எழுத்தில் விலை வாங்குங்கள். வெவ்வேறு வாரத்தில் வாங்கினால் இடையில் ஏலம் வந்து ஒப்பிட முடியாமல் போய்விடும்.

#19 · ஜூரோங்வாசி

தெளிவாகிவிட்டது. அடிமட்டம் 86,148. கடையில் 134,000, நேரடியாக 149,000. ஷோரூமில் கூடுதலாகக் கட்டும் தொகையை மட்டும் பார்ப்பேன். கடைசியாக ஒன்று: பின் டயர் இரண்டும் தேய்ந்துவருகின்றன, சட்ட அளவுக்குக் கீழே போகவில்லை. மாற்றிவிட்டுக் காட்டவா, அப்படியே காட்டவா?

#20 · சின்மிங்_ஸ்பானர்

கடைக்குக் கொடுப்பதென்றால் மாற்றாதீர்கள். அவருக்கு மொத்த விலையில் டயர் கிடைக்கும், நீங்கள் போட்ட 1,000க்கு அவர் 500தான் கூட்டுவார். நேரடியாக விற்பதென்றால் மாற்றுங்கள், முன்னால் இருக்கும் அதே பிராண்ட், அதே என் குறி. வாங்குகிறவர் எஸ்டிஏ, வைகாம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் காட்டும்போது அறிக்கையில் டயர் என்று சிவப்பில் வந்தால் அதைக் காட்டி 2,000 குறைக்கச் சொல்வார்.

முன் ரேடியேட்டர் இலையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

#21 · தெம்பனிஸ்_மலர்

ஒப்படைக்கும் நாளுக்கு: இரண்டு சாவி, சர்வீஸ் ரசீதுகள், டயர் காற்றடிப்பான், இழுவைக் கொக்கி. ஒரு சாவி இல்லையென்றாலே நூற்றுக்கணக்கில் கழிப்பார்கள். ஒப்பந்தத்தில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அந்த மணிக்கு முந்தைய ஈஆர்பி (மின்னணுச் சாலைக் கட்டணம்), அபராதம் உங்களுடையது, பிந்தையது அவர்களுடையது. சாலை வரி காரோடு போய்விடும், திரும்பாது, அதனால் வரி பாக்கி நிறைய இருந்தால் விலையில் சேர்த்துக் கேளுங்கள். காப்புறுதியை மட்டும் பெயர் மாற்றம் முடிந்த பிறகு ரத்து செய்யுங்கள், முன்னால் செய்தால் பெயர் மாற்றம் முடியும் வரை கார் காப்புறுதி இல்லாமல் நிற்கும்.